மரத்தடியில் இரண்டு இரவுகள்

உதானம் என்னும் பாலி நூலில், இரண்டாம் வர்க்கத்தின் இறுதியில் ஒரு சிறு வரலாறு உளது. நம் வகுப்புகளில் அது பலமுறை எடுத்துரைக்கப்பட்டதே. எனினும், பணியினின்று ஓய்வு பெற்ற அம்பர்நாத் அன்பர் சிலர், "பொழுது விடிந்தால் என் செய்வதென்று தெரியவில்லை" என்று எம்மிடம் குறைப்பட்டமையால், அதனை மீண்டும் ஈண்டு ஆராயப் புகுந்தோம். ஆராய்ச்சியின் ஒரு பகுதி ஏட்டிலும், ஒரு பகுதி கூடாரத்திலும் நடைபெற்றது.

பத்தியர் என்பார் காளிகோதை என்னும் சாக்கிய மாதரசியின் மைந்தர். சாக்கியரிடையே அரசராய் வீற்றிருந்தவர். துறவு பூண்டபின் அவர் காட்டில் இருந்தாலும், மரத்தடியில் அமர்ந்தாலும், "சுகம், சுகம்" என்று வாய்விட்டுக் கூறுவாராயினர். இதனைச் செவியுற்ற பிக்குகள் ஐயங்கொண்டனர். பழைய அரச போகத்தை நினைந்து ஏங்குகின்றார் போலும் என்று கருதிப் பகவானிடம் முறையிட்டனர். பகவான் அவரை அழைத்து வினவ, அவர் உரைத்த விடை எவரும் எதிர்பாராதது. அரசராய் இருந்த காலத்தில் அரண்மனையின் உள்ளும் புறமும், நகரின் உள்ளும் புறமும், நாட்டின் உள்ளும் புறமும் தமக்குக் காவல் இடப்பட்டிருந்தது. அவ்வளவு காவலுக்குள்ளும் தாம் அஞ்சியே வாழ்ந்ததாகவும், இப்பொழுது காவல் ஏதுமின்றி மரத்தடியில் அச்சமின்றி இருப்பதாகவும், அதனாலேயே அச்சொல் எழுந்ததாகவும் அவர் விளக்கினார்.

காடு இனிது, வீடு இன்னாது என்பதே இதன் பொருள் என்று பலர் கொள்வர். அஃது அன்று. காட்டில் கொசு உண்டு, பாம்பு உண்டு, தை மாதத்துப் பனி உண்டு. பத்தியர் இனிதென்று கண்டது காட்டையன்று, காவல் நீங்கியமையையே. ஓய்வு பெற்றோர் நிலையும் இதுவே. தொழிற்சாலை நம்மை விடுவிக்கின்றது. நாம் வைத்த காவலோ நம்மை விடுவதில்லை. அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றியோர் அறுபது வயதில் வெளிவந்தபின்னும், விடியற்காலையில் சங்கு ஊதுகிறதா என்று படுக்கையிலேயே செவி சாய்த்திருத்தலை யாம் கண்டிருக்கின்றோம். காலை முழுதும் வங்கிக் கணக்கு, மாலை முழுதும் மருந்துப் பெட்டி, இடையில் கைப்பேசி. காவலர் மாறினரேயன்றிக் காவல் மாறவில்லை.

சுல்லவக்கத்தில் பத்தியரைப் பற்றி மற்றொரு செய்தியும் காணப்படுகின்றது. அநுருத்தர் துறவு பூண விரும்பியபொழுது அவர்தம் அன்னையார், "பத்திய அரசர் துறப்பாராயின் நீயும் துறக்கலாம்" என்றனர். அரசர் துறக்கமாட்டார் என்பது அத்தாயின் கணக்கு. நண்பர் வந்து அழைக்கவே பத்தியர், "ஏழாண்டு பொறுத்திரு" என்றார். ஏழாண்டு மிக நீண்டது என்றார் அநுருத்தர். ஆறாண்டு, ஐந்தாண்டு என்று குறைந்து, மாதக் கணக்கிற்கு வந்து, அரை மாதமாகி, முடிவில் மக்களிடமும் உடன்பிறந்தாரிடமும் அரசை ஒப்படைக்க ஏழு நாள் போதும் என்று இருவரும் உடன்பட்டனர். சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுவதுபோன்ற இந்த உரையாடலைப் படித்து யாம் நகைத்ததுண்டு. இப்பொழுது நகைப்பதில்லை. அதன் காரணம் பின்னர் வரும்.

சென்ற தை மாதம் யாம் ஐவர், அனைவரும் ஓய்வு பெற்றோர், இரண்டு இரவு திறந்தவெளியில் தங்குவதென்று துணிந்தோம். ஒருவருடைய பேரன் மலையேற்றத்திற்கென வாங்கிய இரண்டு கூடாரங்கள் கிடைத்தன. அம்பர்நாத்தில் கர்ஜத் செல்லும் மின்வண்டி ஏறி, பத்லாபூர், வாங்கணி, நேரல் கடந்து கர்ஜத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கொண்டிவடே சிற்றூரை அடைந்தோம். ராஜ்மாச்சி மலையின் அடிவாரத்தில் கொண்டாணைக் குகைகள் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிக் குடையப்பட்ட சைத்தியமும் விகாரமும் அங்கே காணலாம். மரவேலையைக் கல்லில் அப்படியே செய்து காட்டியிருக்கின்றனர். கண்ஹர் என்பாரின் மாணாக்கராகிய பலகர் என்பவரின் பெயர், சிதைந்த சிலையொன்றின் அருகே பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியரின் பெயரைத் தம் பெயருக்கு முன் வைத்த அச்சிற்பியை எண்ணிச் சிறிது நேரம் நின்றோம்.

விகாரத்தின் அறைகள் ஒருவர் கிடக்கும் அளவினவே. மழைக்காலத்தில் பிக்குகள் அலைந்து திரிந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறியமையால் வஸ்ஸவாசம் விதிக்கப்பட்டதென மகாவக்கம் உரைக்கும். ஆஷாட பௌர்ணமிக்குப் பின் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குவதே அவ்விதி. மழைக்காலத்தில் இக்குகையின் முகப்பில் அருவி விழும். அறைக்குள் இருந்தோர் அந்நீர்த்திரையின் வழியே உலகைக் கண்டிருப்பர். தொன்மைச் சின்னமாதலின் குகையில் இரவு தங்குதல் தகாது. ஆகவே கீழே இறங்கி, உழவர் ஒருவருடைய அறுவடை முடிந்த வயலில், மாமரத்தின் கீழ்க் கூடாரம் அடித்தோம். கைப்பேசிகள் ஐந்தையும் ஒரு துணிப்பையிலிட்டு அவ்வீட்டு அம்மையாரிடம் ஒப்படைத்தோம். எம் காவலரை அன்றே பணியினின்று நீக்கினோம் என்க. ஒருவர் மட்டும் ஒரு மணி நேரம் வரை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை உழவர் எமக்குப் போப்டி சமைத்துக் காட்டினார். ராய்கட் மாவட்டத்தில் குளிர்காலத்திற்கே உரிய உணவு அது. வால் என்று மராத்தியர் வழங்கும் மொச்சைக்காயையும் உருளைக்கிழங்கையும் உப்பும் ஓமமும் தூவி, மணமுள்ள காட்டுத் தழை பரப்பிய மண்பானையில் அடைத்து, நீர் சிறிதும் ஊற்றாமல் தலைகீழாகக் கவிழ்த்து, வைக்கோலும் சுள்ளியும் மூட்டித் தீயிடுவர். எம்முள் ஒருவர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து மூன்றாண்டு உழைத்தவர். தீ வைக்க அவரையே அழைத்தோம். குச்சியை உரசியவர் வைக்கோலில் வைக்காமல் அது எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சுட்டபின்னரே எறிந்தார். "நாளொன்றுக்கு எத்தனையோ பெட்டி பார்த்தேன், ஒரு குச்சி முழுவதும் எரிந்ததைப் பார்த்ததில்லை" என்றார். இரண்டாம் குச்சியில் தீ பற்றியது. பானைமேல் நீர் தெளித்து, அது சீறி மறைந்ததும் வெந்தது என்று உழவர் எடுத்தார். அந்த மொச்சையின் சுவையை எழுத்தில் வடித்தல் எம்மால் இயலாது.

சதிபட்டான சூத்திரத்தில் தெளிவுணர்வு, அஃதாவது சம்பஜஞ்ஞம், எங்கெங்கே வேண்டுமெனக் கூறப்பட்டுள்ளது என்பதை ஈண்டு நினைவுகூர்க. முன் செல்லுதல், திரும்புதல், கையை மடக்குதல், நீட்டுதல், உண்ணுதல், மெல்லுதல், சுவைத்தல் என வரிசையாகச் செல்லும் அப்பகுதி, மலசலம் கழித்தலையும் விடவில்லை. இளமையில் இதனைப் படித்தபோது, இத்துணைச் சிறியவற்றை ஏன் எண்ண வேண்டும் என்று தோன்றியது. முதுமையில் அதன் கருணை விளங்குகின்றது. எம் வயதினர் இரவில் இருமுறை எழாதிருத்தல் அரிது. வீட்டில் அது ஒரு தொல்லை. விளக்கைப் போட்டு, முணுமுணுத்து, மீண்டும் படுக்கின்றோம். அங்கோ, பின்னிரவு மூன்று மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளிவந்தபோது, வடதிசையில் ஏழு முனிவர் மீன் முழுதும் உயர்ந்து நின்றது. பனி விழுந்த வைக்கோல் காலடியில் குளிர்ந்தது. தளர்ந்த உடம்பு எழுப்பாதிருந்தால் அதனைக் கண்டிரோம். ஆயினும், இக்காட்சியைப் பிடித்துவைக்க விழைந்தால் அதற்கும் ஒரு காவல் போட்டவராவோம்; குளிர் தாங்காமல் உள்ளே சென்றுவிட்டோம்.

எம்முள் மூத்தவரை அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். இரண்டாம் இரவு அவர் உறங்கவில்லை. அவ்வயலுக்கு மேலே, மலையின் இடுப்பில், 1863ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்க்காட் இருப்புப்பாதை செல்கின்றது. பம்பாய்த் தமிழர் அதனை நன்கறிவர். ஊருக்குச் செல்லும் வண்டி கர்ஜத்தில் நிற்கும். முப்பத்தேழு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றமாதலின் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின்களைப் பூட்டுவர். அதற்குள் வடை வாங்கி உண்போம். அண்ணாச்சியும் அவர் மனைவியாரும் திருநெல்வேலிக்கு அவ்வழியே எத்தனையோ முறை சென்றவர்கள். அம்மையார் எப்போதும் சன்னலோரம். வண்டி ஏறத் தொடங்கியதும், "இந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு அழகு, பாருங்கள்" என்பாராம். அண்ணாச்சி நிமிர்ந்தும் பாராமல், "ஓய்வு பெற்றபின் ஒருநாள் இறங்கிப் பார்ப்போம்" என்பாராம். அவர் ஓய்வு பெறுவதற்கு நான்கு மாதம் முன்னர் அம்மையார் காலமானார்.

இதனை அவர் எமக்குச் சொன்னபோது யாம் வேசாலியை நினைத்தோம். எண்பது வயதில், பழைய வண்டியைக் கட்டுப்போட்டு ஓட்டுவதுபோல் உடம்பை நடத்திவந்த பகவான், சாபாலச் சேதியத்தில் அமர்ந்து, வேசாலி இனியது என்றும், அங்குள்ள உதேனச் சேதியம் இனியது, கோதமகச் சேதியம் இனியது என்றும் ஒவ்வொன்றாகக் கூறினார். அச்சொல்லோடு ஒரு குறிப்பும் தந்தார், மும்முறை தந்தார். ஆனந்தர் அதனை உணரவில்லை. உணர்ந்து வேண்டியபோது காலம் கடந்திருந்தது. "இனியது" என்று அருகிருப்பார் கூறும்பொழுது அது வெறும் வருணனையன்று என்பதை, உடனிருந்து தொண்டு செய்த ஆனந்தரே தவறவிட்டார். அண்ணாச்சிக்கு யாம் இதனைக் கூறினோம். ஆறுதலாகுமென்று கருதினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "ஆனந்தருக்கு மூன்று முறை, எனக்கு முப்பது ஆண்டு" என்றார். மறுமொழி கூற எமக்கு ஒன்றும் இல்லை.

நள்ளிரவு கடந்தபின் மேலே ஒரு வண்டி ஏறும் ஓசை கேட்டது. முன்னும் பின்னும் இன்ஜின்கள் முழங்க, ஒளி பொருந்திய சன்னல்கள் இருளில் மெல்ல நகர்ந்தன. அது தென்னாடு செல்வதோ, புனே வரை மட்டும் செல்வதோ, யாமறியோம். அண்ணாச்சி எழுந்து போர்வையோடு வயல் நடுவே சென்றார். கைவிளக்கை ஏற்றி, தலைக்குமேல் உயர்த்தி, இப்புறமும் அப்புறமும் அசைத்துக்கொண்டே இருந்தார். கடைசிச் சன்னலும் மலைக்குடைவினுள் மறைந்தபின் விளக்கை அணைத்தார். "சன்னலோரம் யாராவது விழித்திருப்பார்கள்" என்று கூறிப் படுத்தார்.

காலையில் கூடாரங்களை மடித்தோம். உழவர் வீட்டுச் சிறார், "ஆஜோபா, மறுபடி எப்போது?" என்று வினவினர். பையைத் திரும்பப் பெற்றபோது கைப்பேசிகளில் யாதோர் அவசரச் செய்தியும் இருக்கவில்லை. மொச்சை ஓய்வதற்குள் இன்னொரு முறை செல்வதாக இருக்கின்றோம். வர விரும்பும் அன்பர்கள் தடித்த போர்வை இரண்டும் கைவிளக்கு ஒன்றும் கொணர்க. இல்லத்தில் உடன் வர இசைவார் உளராயின் அவரையும் அழைத்து வருக. கூடாரத்தில் இடம் உண்டு.