சத்துணவு உலையும் ஒரு மரபணுவும்

நம் உடம்பில் ஒரு நொடிக்கு எத்தனை புது இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகுது தெரியுமா? ஏறக்குறைய 20 லட்சம்! இதற்காக எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரியும் முன் ஒவ்வொரு செல்லும் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்க வேண்டும்.

டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என நான்கு எழுத்துகள். இதில் 'டி' எழுத்தைச் செய்ய ஃபோலிக் அமிலம் தேவை. ஆனால் அது அப்படியே பயன்படாது. டி.எச்.எஃப்.ஆர். என்ற நொதிதான் அதை மாற்றித் தரணும்.

அமைப்பு: இந்த நொதிக்கான மரபணு 5-வது குரோமோசோமில் உள்ளது. நீளம் சுமார் 30,000 எழுத்து. நொதிக்கான குறிப்பு அதில் சுமார் 560 எழுத்துதான்! அதுவும் 6 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கு. இடையில் உள்ளதை வெட்டிவிட்டு ஒட்டினால்தான் 187 அமினோ அமிலங்கள் கொண்ட நொதி கிடைக்கும்.

கட்டுப்பாடு: சத்துணவுக் கூடத்தில் நாள் முழுக்கவா உலை வைக்கிறாங்க? மணி அடிக்கும் முன்தானே! இந்த மரபணுவும் அப்படித்தான். சும்மா இருக்கும் செல்லில், 'ஆர்.பி.' என்ற புரதம் 'இ2எஃப்' என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். செல் பிரியத் தயாரானதும் பிடி தளரும். உடனே இ2எஃப் மரபணுவை முடுக்கிவிடும். நொதி அதிகமானால் அதுவே தன் ஆர்.என்.ஏ. மேல் போய் ஒட்டிக்கொண்டு "போதும்" என நிறுத்திவிடும்!

மருந்து: 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் அவர் குழுவினர் 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதைப் போலவே தோற்றமுள்ள அமினோப்டெரின் என்ற பொருளையும் செய்தார்கள். அது இந்த நொதியில் போய் அடைத்துக்கொள்ளும். செல் பிரிவது நிற்கும். 1948-ல் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், அதைக் கொடுத்ததும் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் நோய் அடங்கியதாக வெளியிட்டார்.

நமக்கு என்ன? மரபணு சரியாக இருந்தாலும் அரிசி இல்லாமல் உலை வைத்து என்ன பயன்? ஃபோலிக் அமிலம் குறைந்தால் செல் பிரிய முடியாது, இரத்தசோகை வரும். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரையில் இரும்புச் சத்தோடு அதுவும் இருக்கு. சிலர் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். கீரை, பயறு, நிலக்கடலையும் சாப்பிடுங்க. கீரையை ரொம்ப நேரம் வேகவிட வேண்டாம்னு அம்மாவிடமும் சொல்லுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி