எஞ்சின் ஓடுகிறது, மின்சாரம் எங்கே?

ஜெனரேட்டரின் எஞ்சின் சீராக ஓடுகிறது. ஆனால் விளக்கு எரியவில்லை. ஏன்?

கம்பிச்சுருளின் ஊடே காந்தப்புலம் மாறினால்தான் மின்னழுத்தம் உண்டாகும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். எஞ்சின் தருவது சுழற்சி மட்டுமே. காந்தப்புலத்துக்கு எங்கே போவது?

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் இருப்பது மின்காந்தம். அதற்கு மின்சாரம் கொடுப்பதும் அதே ஜெனரேட்டர்தான்! அப்படியானால் முதல் மின்சாரம் எப்படி வந்தது? சுழலும் இரும்பில் முன்பு ஏறிய காந்தத்தன்மை சிறிதளவு எஞ்சியிருக்கும். அது சில வோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதனால் காந்தம் வலுக்கும். மின்னழுத்தம் மேலும் உயரும். பாலுக்கு உறைமோர் போன்றது இந்த எஞ்சு காந்தம். நெடுநாள் ஓட்டாமல் வைத்தால் அது மறைந்துவிடலாம்.

பழுதை எப்படித் தேடுவது?

1. சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. பிறகு மெக்கானிக் வோல்ட்மீட்டரால் அளப்பார். சில வோல்ட் காட்டினால் எஞ்சு காந்தம் இருக்கிறது. தேய்ந்த கார்பன் தூரிகையையோ மின்னழுத்தச் சீராக்கியையோ சந்தேகிக்கலாம்.

3. ஏறக்குறைய சுழி காட்டினால், காந்தம் மறைந்திருக்கலாம் அல்லது சுருள் அறுந்திருக்கலாம். தூரிகை உள்ள வகையில், சீராக்கியின் இணைப்பைக் கழற்றி, 12 வோல்ட் பாட்டரியைச் சுழலிச் சுருளில் சில விநாடிகள் இணைத்துக் காந்தமேற்றுவர்.

எச்சரிக்கை! ஜெனரேட்டரை நீங்கள் திறக்காதீர்கள். வீட்டுக்குள் ஓட்டவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரைப் பறிக்கும்.

சிந்தியுங்கள்: ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த சைக்கிள் டைனமோ, சுழற்றியவுடன் ஒளி தருவது ஏன்?