கச்சான் காலத்துத் திருகோணமலை: ஆகஸ்ட் விடுமுறைக்கான பருவகால ஆலோசனை

மே மாதம் தொடங்கிய தென்மேல் பருவக்காற்று செப்டெம்பர் வரை இலங்கையின் மேற்குக் கரையை விடாது. தெஹிவளை, வெள்ளவத்தை, கல்கிசைக் கரைகளில் அலை ரயில் பாதையோரக் கற்களை வந்து அறைகிறது. இக்காலத்தில் இந்தக் கரையில் பிள்ளைகளைக் குளிக்க விடக்கூடாது. கரையேறிய நீர் ஓரிடத்தில் கூடித் திரும்பி ஓடும்போது உண்டாகும் இழுவை, இடுப்பளவு நீரில் நிற்பவரையும் சற்று நேரத்தில் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடமே பெரும்பாலும் அந்த இழுவையின் வழி. இடம் தெரியாதவர்கள் குளிப்பதற்குத் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான். தெற்கே மிரிஸ்ஸையின் திமிங்கிலப் படகுகளும் ஹிக்கடுவையின் கண்ணாடிப் படகுகளும் நவம்பருக்குப் பிறகு யோசிக்க வேண்டியவை.

அதே காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டுக் கிழக்கே வரும்போது வறண்ட கச்சானாகிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையருகே அலை எழுவதற்கு இடமில்லை. ஆடிவேல் விழா முடிந்த கையோடு கொழும்புக் குடும்பங்கள் திருகோணமலைக்குப் புறப்படுவதற்குக் கோணேசர் கோயில் ஒரு காரணம் என்றால் இந்தக் காற்று மற்றொரு காரணம். ஆனால் கச்சானுக்கு ஒரு நாளொழுங்கு உண்டு. விடியற்காலையில் கடல் தட்டையாகக் கிடக்கும்; வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கடல் சார்ந்த எதையும் முற்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது. நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் பிள்ளைகளுக்குக் காற்றடைத்த வளையம் வாங்கிக் கொடுப்பது இம்மாதத்தில் பெரிய தவறு. கச்சான் அதைப் பிள்ளையோடு வெளிக்கடலுக்குத் தள்ளும். நீந்தித் துரத்திப் பிடிக்க முடியாது.

கொழும்பிலிருந்து சாலைவழித் தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கோட்டையிலிருந்து புறப்படும் இரவு ரயிலில் ஆசனங்கள் விடுமுறைக் காலத்தில் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் பதிவை இப்போதே செய்துவிட வேண்டும். வாகனத்தில் செல்வோர் ஹபரணையிலிருந்து கந்தளாய் வரையான காட்டுப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்குமாறு நேரத்தைத் திட்டமிடுவது அவசியம். வறட்சிக் காலத்தில் யானைகள் நீர் தேடி வீதியைக் கடக்கும். இருளில் அவற்றின் நிறம் தாரோடு கலந்துவிடும்.

திருகோணமலையில் முதல் நாளைத் திமிங்கிலம் பார்க்கும் படகுக்குக் கொடுக்காமல் சுவாமி மலைக்குக் கொடுப்பதே சிறந்தது. ஏறத்தாழ 130 மீற்றர் உயரத்தில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் இந்தப் பாறை, நாட்டின் கரையோரத்தில் ஒப்பற்ற இயற்கை மேடை. இங்கிருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் 1956இல் பாறையடியில் சுழியோடி, கடலடியில் கிடந்த கோயில் இடிபாடுகளைக் கண்டனர். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் கிழக்கு நோக்கி அமர்ந்து கடலைப் பார்க்கலாம். இருநோக்கி ஒன்று இருந்தால் போதும். திருகோணமலையில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டியே தொடங்குகிறது. மற்ற இடங்களில் வெகுதூரம் போய்க் காண வேண்டிய நீலத்திமிங்கிலம் இங்கே பாறை மேலிருந்து பார்க்கும் தூரத்தில் வருவதற்கு அதுவே காரணம். பார்வையில் முதலில் படுவது முதுகு அல்ல, பனைமரம் போல் நேராக எழுந்து கலையும் வெண்ணிற நீராவி. அது எழுந்த இடத்தைச் சில நிமிடங்கள் விடாமல் பார்த்திருந்தால் மறுமூச்சும் கிடைக்கும்.

பாறையிலுள்ள இராவணன் வெட்டு என்னும் பிளவின் பக்கத்தில் சிறு பிள்ளைகளின் கையை விடக்கூடாது. கைபிடிச் சுவருக்கு அப்பால் படம் எடுக்க இறங்குவது யாருக்கும் ஆகாது. கோயில் முற்றத்தின் கல் பத்து மணிக்கே காலைச் சுடும். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் கையிலிருந்து வாங்கித் தின்னும் அளவுக்குப் பழகியவை என்றாலும் அவற்றுக்கு எதையும் கொடுக்காமலிருப்பதே உதவி. உணவோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் பொலித்தீன் அங்கேயே தங்கிவிடுகிறது.

திமிங்கிலப் படகை இரண்டாம் தெரிவாக வைத்துக்கொள்ளலாம். வட இந்துப் பெருங்கடலின் நீலத்திமிங்கிலங்கள் துருவக் கடலுக்குப் போகாமல் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே இரை தேடுபவை. இலங்கைக் கடலியலாளர் ஆஷா டி வோஸின் ஆய்வுகள் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவற்றுள் முக்கியமானவை. எனினும் கிழக்குக் கரையில் அவற்றைக் காண ஏற்ற மாதங்களில் ஆகஸ்ட் கடைசிப் பக்கம். கட்டாயம் காட்டுவோம் என்று உறுதி சொல்லும் படகுக்காரரை நம்ப வேண்டாம். கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களைக் காணும் வாய்ப்பு அதைவிட அதிகம். காலை ஆறு மணியளவில் புறப்பட வேண்டும். ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கு அவர்களின் அளவில், உயிர்காப்பு அங்கி இருப்பதைக் கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குக் கிட்டப் போகும்படி படகுக்காரரை வற்புறுத்தக்கூடாது. விலங்கைத் துரத்துவதும் அதனருகே நீந்துவதும் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்கு முரணானவை. வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்கள் மருந்தைப் படகில் ஏறிய பிறகு அல்ல, முன்கூட்டியே எடுக்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவில் உள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களே பெயருக்குக் காரணம். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தபோது இங்குள்ளவை பெரிதும் தப்பின. இன்று இவற்றுக்கு வரும் ஆபத்தில் கணிசமான பகுதி விடுமுறைக்கூட்டத்தின் கால்களே. ஆழம் குறைவாக இருப்பதால் நீந்தத் தெரியாதவர் களைத்ததும் முருகைக்கல் மேல் ஏறி நிற்கிறார். பல ஆண்டுகளில் வளர்ந்தது அந்த ஒரு மிதியில் முறிகிறது. நீந்தத் தெரியாதவர் மணற்பாங்கான பகுதியை விட்டு நகராமல் இருக்க வேண்டும், அல்லது அங்கியோடு வழிகாட்டியின் பக்கத்திலேயே மிதக்க வேண்டும். வெயில் களிம்பு நீரில் கரைந்து முருகையுயிர்களைப் பாதிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை மேல். அது தோலையும் நன்றாகக் காக்கும். கரையில் கிடக்கும் செத்த முருகைத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துவர அனுமதியில்லை.

முதல் படகுகளில் போய்ச் சேர்பவருக்கு, கூட்டம் சேருமுன், கருமுனைச் சுறாக்கள் ஆழமில்லாத நீரில் சுற்றுவதைக் காணும் வாய்ப்பு உண்டு. ஆளைக் கண்டால் விலகும் கூச்சமுள்ள மீன் அது. கத்திக் கலவரப்படுத்தாமல் அசையாது மிதந்தால் போதும். அழுங்காமையும் பேராமையும் இங்கு வருவன. அவை மூச்சுக்கு மேலே வரும்போது வழிமறிக்கக்கூடாது.

பாறைக் கரையில் நடப்பவருக்கு இறப்பர் அடியுள்ள செருப்பு அல்லது நீர்ச்சப்பாத்து வேண்டும். கடல் முள்ளெலியோ முள்ளுள்ள மீனோ குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். ஜெல்லிமீன் சுணைத்த இடத்தைக் கடல்நீரால் கழுவ வேண்டும். தேய்ப்பதும் நன்னீர் ஊற்றுவதும் எரிச்சலைக் கூட்டும். மூச்சு முட்டினாலோ உடல் வீங்கினாலோ தாமதியாமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

நடுப்பகலை நிழலில் கழிப்பதே கச்சான் காலத்து வழக்கம். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளுக்கு மாலையில் போகலாம். வெயிலில் சூடான நீரை அள்ளிக் குளிப்பதில் பிள்ளைகளுக்கு விருப்பம் இராது. வடக்கே புல்மோட்டை அருகிலுள்ள அரிசிமலைக் கரையில் மணல் அரிசிமணி போலிருக்கும். ஆளரவம் குறைந்த இடமென்பதால் அங்கு குளிப்பதைத் தவிர்த்துப் பார்த்துவிட்டு வந்தால் போதும். திரும்பும் வழியில் அரைநாள் மிச்சமிருந்தால் மின்னேரியாக் குளத்துக்குத் திரும்பலாம். நீர் வற்றிப் புல் முளைக்கும் ஆகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் அங்கே பெருங்கூட்டமாகச் சேரும். பூங்காவுக்குள் பிற்பகல் நேரமே ஏற்றது. அப்படித் தங்கினால் இருட்டியபின் பயணத்தைத் தொடராமல் ஹபரணையில் இரவைக் கழித்து மறுநாள் காலை கொழும்புக்குப் புறப்பட வேண்டும்.