சொல் கேளாத பிள்ளையா, காது கேளாத பிள்ளையா?

"கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் இல்லை. ஒன்றைச் சொன்னால் வேறொன்றைச் செய்கிறான்." பிள்ளைகளைப் பற்றி நாம் இப்படிக் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. சில வேளைகளில் கையும் ஓங்கிவிடுகிறோம். நாம் சொன்னது அந்தப் பிள்ளைக்குக் கேட்டதா என்று முதலில் பார்த்தோமா?

காதினுள் நடப்பது

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று உண்டு. அதுவே நடுக்காது. அங்கிருந்து ஒரு சிறு குழாய் மூக்கின் பின்புறத்துக்குச் செல்கிறது. சிறு பிள்ளைகளில் இக்குழாய் கட்டையாகவும் சரிவு குறைந்தும் இருக்கும். தடிமன் பிடித்தால் அது அடைபட்டு, நடுக்காதில் நீர் தேங்கலாம். பெரும்பாலும் நோவோ காய்ச்சலோ இராது. கேட்பது மட்டும் மந்தமாகும்.

இடம்பெயர்ந்து, ஒரே கூரையின் கீழ் பலர் நெருங்கி வாழும்போது தடிமன் இலகுவில் தொற்றுகிறது. அடுப்புப் புகையும் காதுக்குக் கெடுதி. அநேக பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துள் நீர் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். பள்ளிக்கூடம் மாறி மாறிப் படிக்கும் பிள்ளையென்றால் ஆசிரியரும் இதைக் கண்டுகொள்வது கடினம்.

பலாக்காயைத் தட்டுவது போல

பலாக்காய் முற்றிவிட்டதா என்று அறிய நாம் தட்டிப் பார்க்கிறோம். இதை எந்தப் புத்தகத்தில் படித்தோம்? பல காய்களைத் தட்டி, பின் வெட்டிப் பார்த்து, எந்த ஓசைக்கு எந்தப் பதம் என்று பழகினோம். கணனிக்கும் இவ்வாறு பழக்கம் கொடுக்கலாம். இதனை இயந்திரக் கற்றல் என்பர்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் இதைச் செய்து காட்டினர். கடதாசியை வெட்டி ஒட்டிப் புனல் செய்து, கைத்தொலைபேசியில் பொருத்திப் பிள்ளையின் காதில் வைத்தனர். தொலைபேசி குருவிக் கீச்சொலி போன்ற சிறு ஒலி எழுப்பும். அது செவிப்பறையில் பட்டுத் திரும்பும். பின்னால் நீர் இருந்தால் செவிப்பறை நன்கு அதிராது. திரும்பும் ஓசையும் மாறும்.

காயை வெட்டிப் பார்ப்பதற்கு ஈடாக இங்கே என்ன இருந்தது? 18 மாதம் முதல் 17 வயது வரையான 53 பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் காதுச் சத்திரசிகிச்சைக்கு வந்தவர்கள். வைத்தியர் செவிப்பறையைக் கீறும்போது நீர் இருப்பது கண்முன் தெரிந்துவிடும். அந்த உண்மையை ஓசையோடு சேர்த்துக் கணனிக்குக் கொடுத்தனர். அது நூற்றுக்கு 85 அளவில் சரியாகச் சொன்னது. பின்னர் 9 முதல் 18 மாதம் வரையான குழந்தைகளின் 15 காதுகளில் சோதித்தபோது, நீர் இருந்த 5 காதுகளையும், நீர் இல்லாத 10 காதுகளில் 9ஐயும் சரியாக இனங்கண்டது.

ஆயினும் நூற்றுக்கு 85 என்றால் மீதி 15 தவறு. பழக்கமில்லாத இனப் பலாவில் நாமும் ஏமாறுகிறோம் அல்லவா? இயந்திரமும் தனக்குக் காட்டப்பட்டதைக் கொண்டே தீர்மானிக்கும். வைத்தியம் செய்வது வைத்தியரே. பிள்ளையை முதலில் அவரிடம் கொண்டுசெல்ல வேண்டியவர்களோ நாம்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளைக்குப் பின்னால் நின்று, முகம் காட்டாமல், மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். வேறு வேறு நாட்களில் கூப்பிட்டும் திரும்பாவிட்டால் வைத்தியரிடம் காட்டுவோம்.

2. காதிலிருந்து சீழ் வடிந்தால் எண்ணெயோ இலைச்சாறோ விடக்கூடாது. சுத்தமான துணியைத் திரியாக்கி ஒற்றியெடுத்து, வைத்தியரிடம் செல்வோம்.

3. காதின் பின்புறம் வீங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போவோம்.

4. கேட்பது மந்தமான பிள்ளையை முன்வரிசையில் இருத்தும்படி ஆசிரியரிடம் கேட்போம்.

கூடிப் பேசுவதற்கு

நம் பிள்ளைகளுள் அதிகம் ஏச்சு வாங்குபவர் யார்? அவருக்குக் காது கேட்கிறதா என்று நம்மில் யாராவது பார்த்ததுண்டா?