அந்தப் பக்கத்துச் சத்தம்

திருகோணமலைக் கரையில் விடியற்காலை மீன் ஏலம். சூரையும் பாரையும் கூறு கூறாகக் கிடக்க, சுற்றிவர நின்று விலை கேட்கிறார்கள். நடுவே வலது காது கேட்காத சம்மாட்டியார் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லும் விலை அவருக்குத் தெளிவாக விழுகிறது. வலப்பக்கத்திலிருந்து ஒருவர் விலையை ஏற்றும்போது, யாரோ ஏதோ சொன்ன மாதிரி மட்டும் இருக்கிறது. யார், எவ்வளவு என்று திரும்பித் தேடுவதற்குள் மீன் கைமாறிவிடுகிறது. கூப்பிட்டும் திரும்பாதவருக்கு ஊர் வைக்கும் பெயர் 'தலைக்கனம் பிடித்தவர்'.

ஒரு காது நன்றாகக் கேட்டு, மற்றது அறவே கேட்காமல் போவதை ஒருபக்கக் கேளாமை என்கிறார்கள். சிறுவயதில் வந்த கூகைக்கட்டு, தலையில் பட்ட அடி, திடீரென்று செயலிழந்த உட்காது, கேள்நரம்பில் வளரும் கட்டி, பிறவியிலேயே சரியாக உருவாகாத நரம்பு என்று காரணங்கள் பல. கூகைக்கட்டையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2011இல்தான். ஒருபக்கக் கேளாமை வெளியே தெரியாது. அதனால் அதைப் பற்றிய கதைகள் நிறைய. அதற்கென்று வரும் காது மெசினைப் பற்றிய கதைகள் இன்னும் நிறைய.

நம்பிக்கை: ஒரு காது போனால் என்ன, மற்றக் காது இருக்குத்தானே!

உண்மை: அமைதியான அறையில், ஒருவரோடு எதிரெதிரே இருந்து கதைக்கும்போது ஒரு காது போதும். சந்தையில் போதாது. காரணம், நடுவில் இருக்கும் தலை. கேட்காத பக்கத்திலிருந்து வரும் தடித்த, தாழ்ந்த ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து நல்ல காதுக்கு வந்துவிடும். மெல்லிய, உயர்ந்த ஒலிகளைத் தலை மறித்துவிடும். அவற்றின் பலம் 15 முதல் 20 டெசிபல் வரை குறையும். 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அந்த உயர்ந்த ஒலிகள்தான். ஆகவே குரல் வந்து சேரும், சொல் வந்து சேராது. 'சட்டி' என்பது 'கட்டி'யாகக் கேட்கும்.

இரண்டு காதும் சேர்ந்து செய்யும் இன்னொரு வேலையும் நின்றுபோகும். வலப்பக்கத்துச் சத்தம் இடது காதைத் தொட அதிகபட்சம் 0.6 அல்லது 0.7 மில்லிசெக்கன் பிந்தும். மூளை அந்தச் சிறு பிந்தலையும், சத்தத்தின் பலத்தில் உள்ள வித்தியாசத்தையும் வைத்தே திசையைக் கணக்கிடுகிறது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கிறது. ஒரு காது மட்டும் இருந்தால் ஒப்பிட இரண்டாவது கணக்கு இல்லை. பஸ் நிலையத்தில் 'மூதூர், மூதூர்!' என்று கூவும் நடத்துனரின் குரல் காதில் விழும். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் கண்தான் தேடவேண்டும்.

பிள்ளைகள் விடயத்தில் இந்த நம்பிக்கை அதிகம் கெடுதி செய்திருக்கிறது. முன் வாங்கில் இருத்தினால் சரி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிரெட் பெஸ், ஆன் மேரி தார்ப் இருவரும் 1980களில் செய்த ஆய்வில், ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளைகளில் 35 சதவீதமானோர் ஒரு வகுப்பிலேனும் தவறி மீண்டும் படித்திருந்தது தெரியவந்தது. இருக்கை முக்கியம்தான், ஆனால் கணக்குப் பார்த்து இருத்தவேண்டும். வலது காது கேட்காத பிள்ளை கரும்பலகையைப் பார்த்தபடி வகுப்பின் வலது ஓரத்தில் முன்னால் இருந்தால், நல்ல காது முழு வகுப்பையும் நோக்கியிருக்கும். ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு ஒலிவாங்கியிலிருந்து குரல் நேரே பிள்ளையின் காதுக்குப் போகும் வசதியும் உண்டு.

நம்பிக்கை: எல்லா வேலையையும் ஒரு காதே செய்தால் அதுவும் தேய்ந்து போகும்.

உண்மை: கேட்பதால் காது தேயாது. பெருஞ்சத்தத்தால்தான் பழுதாகும். 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது வேலைத்தளங்களுக்குச் சொல்லப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். எஞ்சின் படகில் போகிறவர், ஆலையில் நிற்கிறவர், திருவிழா வெடிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் யாராயினும், மிஞ்சியிருக்கும் ஒரு காதுக்கு மூடி போடுவது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

நம்பிக்கை: கேட்காத காதில் மெசினைப் போட்டால் அந்தக் காது திரும்பக் கேட்கும்.

உண்மை: சாதாரண மெசின் சத்தத்தைக் கூட்டித் தரும். வாங்கிக்கொள்ள உட்காதில் ஒன்றும் மிச்சமில்லையென்றால், எவ்வளவு கூட்டியும் பயனில்லை. ஒருபக்கக் கேளாமைக்கான குரொஸ் கருவி வேறு வகை. அமெரிக்காவில் ஏர்ல் ஹார்போர்ட், ஜோசப் பாரி இருவரும் 1965இல் அதை விவரித்தார்கள். கேட்காத காதில் ஓர் ஒலிவாங்கி, நல்ல காதில் ஒரு ஒலிபெருக்கி. அந்தப் பக்கம் பிடித்த சத்தம் இந்தப் பக்கம் வந்து சேரும். ஆரம்பத்தில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள் வயரை ஓட்டித்தான் செய்தார்கள். இப்போது வயர் இல்லை. நல்ல காதை அடைக்காமல் துளைகள் உள்ள மெல்லிய மூடியைப் போடுவதால், அதன் சொந்தக் கேட்டலும் கெடாது. நல்ல காதும் கொஞ்சம் மந்தம் என்றால், அதற்குச் சத்தத்தைக் கூட்டியும் தரும் வகை உண்டு.

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது இலகு. 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும் வரை அங்கே கரை கடந்தது படகுப்பாதையில்தான். குரொஸ் கருவியும் ஒரு படகுப்பாதை. அக்கரைச் சத்தத்தை ஏற்றி இக்கரையில் இறக்கும். அக்கரையை இக்கரையோடு ஒட்டவைக்காது.

நம்பிக்கை: மெசின் போட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்று இனித் தெரியும்.

உண்மை: ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதுக்குள் வருவதால் திசை தெரியாது. சொல்லப்போனால், வலது காது கேட்காதவர் புதிதாகப் போட்டால் வலப்பக்கத்துக் குரலுக்கும் இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். உள்துறைமுக வீதியைக் கடக்கும்போது ஹோர்ன் சத்தத்தை நம்பிக் காலெடுத்து வைக்கக்கூடாது. மெசின் இருந்தாலும் இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

வாகனம் ஓட்டுவோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நமது நாட்டில் சாரதி ஆசனம் வலப்பக்கம். இடது காது கேட்காதவர் ஓட்டினால், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் கதைப்பது தவறிப்போகும். நல்ல காதுக்குள் யன்னல் காற்றுத்தான் வரும். அவருக்குக் குரொஸ் கைகொடுக்கும். வலது காது கேட்காதவருக்கோ எதிர்மாறு: வலப்பக்க ஒலிவாங்கி யன்னல் இரைச்சலை அள்ளிக்கொண்டுவந்து, நன்றாக இருந்த இடது காதுக்குள் கொட்டும். ஓடும்போது அந்தப் பக்கத்தை அணைத்துவிடுவதே நல்லது.

பாட்டுக் கேட்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது அநேகமாகக் கேட்காமல் இருந்தது. 1966இல் வந்த புகழ்பெற்ற 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டை அவர் இரண்டு தடமாகப் பிரிக்காமல் ஒற்றைத் தடமாகவே கலந்தார். அதே வசதி இப்போது ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ' என்பதைத் தட்டினால், பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே காதில் கேட்கும். மெசின் வாங்குவதற்கு முன்பே, காசில்லாமல் செய்யக்கூடிய வேலை இது.

நம்பிக்கை: போட்டுப் பார்த்தேன், இரைச்சல். எனக்குச் சரிவராது.

உண்மை: முதல் நாள் எல்லோருக்கும் இரைச்சல்தான். வருடக்கணக்காக அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமே வராமல் பழகிய மூளைக்கு, மின்விசிறியும் கோப்பை கழுவும் சத்தமும் ஒரேயடியாக வந்து சேர்கின்றன. எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று படிக்க அதற்குச் சில கிழமைகள் வேண்டும்.

வீட்டுக்குள்ளே, ஒருவரோடு மட்டும் கதைத்து, ஓரிரண்டு மணித்தியாலத்தில் தொடங்கவேண்டும். பிறகு கேட்காத பக்கத்தில் வானொலிச் செய்தியை வைத்துக் கேட்கலாம். அடுத்தது சாப்பாட்டு மேசை, கடைசியில் கலியாண வீடும் சந்தையும். முதல் நாளே சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்தான் மறுநாள் அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார். எந்த இடத்தில் உதவியது, எந்த இடத்தில் தொந்தரவு கொடுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், கருவியைச் சரிசெய்யும் கேட்டல் வல்லுநருக்கு வேலை சுலபம். கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர் போய்ப் பொருத்துகிறவர்கள், பிறகு எத்தனை தரம் வரவேண்டும் என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்வது அவசியம். ஒரு தரத்தில் முடியும் காரியம் இது இல்லை.

நம்பிக்கை: எலும்பு வழியாகக் கேட்க மண்டையைத் திறக்கவேண்டும்.

உண்மை: எலும்பு வழியே ஒலி போகும் என்பது பழைய செய்தி. இசைத்தட்டுக் கருவிகளுக்கு முன்னோடியான போனோகிராபைக் கண்டுபிடித்த எடிசனே, காது மந்தமாக இருந்ததால் அதன் மரப்பெட்டியைப் பல்லால் கடித்துக் கேட்டார். சுவீடனில் பிரோனெமார்க், தைத்தேனியம் எலும்போடு ஒட்டி வளரும் என்று கண்டறிந்ததை வைத்து, கோதன்பர்க் நகரில் அண்டர்ஸ் யெல்ஸ்ட்ரோம் குழுவினர் 1977இல் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் சிறு திருகாணியைப் பொருத்தினார்கள். அதில் மாட்டும் கருவியின் அதிர்வு மண்டையோட்டின் வழியாக நல்ல காதின் உட்பகுதிக்குப் போகும். திருகாணி இறங்குவது காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குள். மூளைப் பக்கம் யாரும் போவதில்லை. அதற்கும் முன், அதே கருவியைத் தலைப்பட்டியில் கட்டிச் சில நாட்கள் பரீட்சித்துப் பார்க்கலாம். அது பிடிக்காதவருக்குச் சத்திரசிகிச்சையும் பெரிதாகப் பிடிக்கப்போவதில்லை.

கேட்காத காதுக்கே கேட்டலைத் திருப்பித் தர முயல்வது உட்காதுக்குள் பொருத்தும் கொக்கிளியர் உள்வைப்பு மட்டும்தான். பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பில் போல் வான் டி ஹெய்னிங் குழுவினர், ஒரு காது போய் அதில் தாங்கமுடியாத இரைச்சலும் இருந்தவர்களுக்கு அதைப் பொருத்தி, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருபக்கக் கேளாமைக்கு அமெரிக்க அரசின் அனுமதி 2019இல் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. கேள்நரம்பு இருக்கவேண்டும், அதை எம்.ஆர்.ஐ. காட்டும். காது போய் நீண்டகாலம் ஆகியிருந்தால் பலன் குறையும். ஆரம்பத்தில் குரல்கள் இயந்திர மனிதன் கதைப்பது போல இருக்கும். நல்ல காது உதவிக்கு வராதபடி, ஒலியை நேரே உள்வைப்புக்கு அனுப்பிப் பயிற்சி செய்யவேண்டும்.

நம்பிக்கை: காது திடீரென்று அடைத்தால் எண்ணெய் விட்டுப் பார், நாளைக்குத் திறந்துவிடும்.

உண்மை: மெசின் தேவைப்படும் நிலைக்குப் பலரைக் கொண்டுபோவது இந்த 'நாளைக்கு'த்தான். காலையில் எழும்பும்போது ஒரு காது கேட்காவிட்டால், அது அழுக்கடைப்பாக இருக்கலாம், உட்காது செயலிழந்ததாகவும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்க்கலாம். முனகல் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோ. நல்ல காதுப் பக்கம் போனால் உட்காதைச் சந்தேகிக்கவேண்டும். வைத்தியர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

முனகல் எந்தப் பக்கம் போனாலும் அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போகவேண்டும். ஸ்டீரொயிட் சிகிச்சை முதல் இரண்டு கிழமைக்குள்தான் அதிகம் பயன்தரும். கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்: சுழியோடி ஏறியபின் ஒரு காது அடைத்துத் தலையும் சுற்றினால், உட்காதில் காயம்பட்டிருக்கலாம். எண்ணெயும் வேண்டாம், மறுநாள் மீண்டும் மூழ்குவதும் வேண்டாம்.

நம்பிக்கை: உப்புக்காற்றில் இந்த மெசினெல்லாம் தாங்காது.

உண்மை: கவனித்தால் தாங்கும். இரவில் ஈரமுறிஞ்சி போட்ட டப்பாவுக்குள் வைக்கவேண்டும். கடலில் இறங்கும்போதும் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கும்போதும் கழற்றவேண்டும். துத்தநாகப் பற்றரி காற்றால் வேலை செய்வது. ஒட்டியிருக்கும் தாளை உரித்த கணத்திலிருந்து, போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேயிருக்கும். உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப் படவிட்டு மூடினால் நன்றாக உழைக்கும். 312 அளவுக்கு மண்ணிறத் தாள், 13 அளவுக்குச் செம்மஞ்சள்.

அந்தச் சம்மாட்டியாரிடம் குரொஸ் கருவி வந்துவிட்டது, சில மாதமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் கூட்டத்தின் நடுவே நிற்பதில்லை. வலது ஓரத்துக்கு நகர்ந்து, விலை கேட்கிற எல்லோரையும் இடப்பக்கம் வைத்துக்கொள்கிறார். வலப்பக்கமாக ஐஸ் லொறி வந்து எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது, கையைக் காதுக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்து ஒலிவாங்கியை நிறுத்துகிறார். லொறி போனதும் திரும்பப் போடுகிறார்.