ஆயாவின் ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

ஜவ்வாதுமலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்திருக்கிறது. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இங்கிருந்துதான் விண்மீன்களைப் பார்க்கிறது. அதே மலையில், மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களில், போன் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறுகிறவர்களும் உண்டு. அரசுச் சேவைகள் இணையத்துக்கு வந்துவிட்ட நிலையில், அடுத்தவருக்காக விண்ணப்பம் போடுகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதுவே இந்த இதழின் பாடம்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூர். கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் பையனிடம் பக்கத்து வீட்டு ஆயா கேட்கிறார்: "தம்பி, பேரனுக்கு சாதிச் சான்று வாங்கணும். போன்லயே போடலாமாமே?" பையன், "குடு ஆயா, நான் பாத்துக்கறேன்" என்று ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்கிறான்.

நல்ல உதவிதான். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவரது அலுவலகம் மலைக்குக் கீழே இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்தால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். அந்தச் சான்று இல்லையென்றால் பேரனுக்குக் கல்வி உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் கிடைக்காது. அதனால்தான் இந்த உதவியில் நான்கு விஷயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது.

1. யாருடைய எண்?

இ-சேவையில் முதலில் விண்ணப்பதாரருக்கு ஒரு கணக்கு எண் உருவாகும். இதைத்தான் 'கேன் எண்' என்கிறோம். அதில் கொடுக்கும் கைபேசி எண்ணுக்குத்தான் ஓடிபியும், சான்று தயார் என்ற குறுஞ்செய்தியும் வரும். பையன் அவசரத்துக்குத் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால்? விடுமுறை முடிந்து அவன் சென்னைக்குப் போனபிறகு, ஆயா எதற்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி அவனுக்குத்தான் போகும். அவன் எண்ணை மாற்றிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிசு. எனவே வீட்டில் ஒருவரிடமாவது போன் இருந்தால் அந்த எண்ணையே கொடுங்கள். சாதாரண பட்டன் போன் போதும், குறுஞ்செய்தி வரும்.

2. யார் சரிபார்ப்பது?

ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் இன்னொரு எழுத்து, குடும்ப அட்டையில் முன்னெழுத்தே இல்லை. இது மலையில் மட்டும் உள்ள குறை அல்ல. ஆனால் திருத்துவதற்கு மலைவாசிக்குத்தான் அலைச்சல் அதிகம். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துவதற்கு முன் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் பேரன் பெயர் தெரியும். "தப்பா இருக்கே தம்பி" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். பிறகு விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை அவர் கையில் கொடுங்கள். அச்சிட வழியில்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

3. படங்கள் எங்கே போகின்றன?

வேலை முடிந்தது. ஆயாவின் ஆதார் படம் பையனின் போனில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் இருக்கிறது. போன் தொலைந்தாலோ, பழுதுபார்க்கக் கொடுத்தாலோ அது யார் கையில் சிக்கும்? வேலை முடிந்தவுடன் உரியவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். கணினி மையம் நடத்துபவர்களுக்கும் இது பொருந்தும்: 'டவுன்லோட்ஸ்' பகுதியை அன்றன்றே காலி செய்யுங்கள்.

4. விரல் எதற்கு வைக்கப்படுகிறது?

வங்கி முகவரின் கருவியில் ரேகை வைத்தால் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். "சரியா விழல, இன்னொரு தடவ வையுங்க" என்று சொன்னால், முதல் முறை பணம் போனதா இல்லையா என்று கேட்க வேண்டும். ரசீது வாங்க வேண்டும். மண்வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருப்பது இயல்பு. அதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கப்படக் கூடாது. கடைக்கு வர முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கப் படிவம் இருக்கிறது. 12.8.2025 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருட்கள் வீட்டுக்கே வரும் என்று அறிவிக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

24.8.2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் மின்னணு வடிவிலான தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. உங்கள் விவரத்தைச் சேகரிக்கும் நிறுவனம், அது எதற்கு என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெற அதில் இடம் உண்டு. தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லும் உரிமையும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்தவரின் கடவுச்சொல்லையோ அடையாள விவரத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம்.

ஆனால் பையன் செய்தது மோசடி இல்லையே! உண்மைதான். நல்ல மனசோடு, அவசரத்தில் செய்யும் தவறுகளைச் சட்டம் வந்து தடுக்காது. அங்கே நம் ஒழுங்குதான் காவல். ஆயா நம்பிக் கொடுத்தது வெறும் காகிதம் இல்லை, பேரனின் படிப்பு.

ஊர் கூடிச் செய்யலாம்

ஒரே பையனை நம்பி ஊர் இருந்தால், அவன் போனதும் எல்லாம் நின்றுவிடும். மகளிர் சுய உதவிக் குழுவில் இரண்டு பேர் கற்றுக்கொள்ளட்டும். ஒருவர் தட்டச்சு செய்தால் மற்றவர் படித்துச் சரிபார்க்கட்டும். விண்ணப்ப எண்களைக் குறிக்க ஒரு நோட்டு போதும். அந்த நோட்டில் ஆதார் எண்ணையோ கடவுச்சொல்லையோ எழுத வேண்டாம்.

தவறு நடந்துவிட்டால்: பண மோசடிக்கு உடனே 1930, ஆதார் தொடர்பாக 1947, அரசுச் சேவை குறித்த புகாருக்கு முதல்வரின் முகவரி 1100.

செய்து பாருங்கள்

இன்று உங்கள் போனின் படத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். அடுத்தவருடைய ஆதாரோ, குடும்ப அட்டையோ, வங்கிப் புத்தகமோ எத்தனை இருக்கின்றன? அவர்களைக் கேளுங்கள்: "உங்க வேலை முடிஞ்சிடுச்சா? அழிச்சிடட்டுமா?" அந்தக் கேள்வியோடு பாடம் தொடங்கட்டும்.