கேப்சூல் வாங்குவதற்கு முன்னால்: கடலூர், சிதம்பரம் பக்கத்தாருக்கு இதய நல வழிகாட்டி

கடலூரில் ஆங்கில மருந்துக் கடைக்குப் போனாலும் சரி, சிதம்பரத்தில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும் சரி, இதயத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிற சரக்குக்குக் குறைவில்லை. மீன் எண்ணெய்க் கேப்சூல், பூண்டு மாத்திரை, மருதம்பட்டைப் பொடி, ஆளிவிதை, லவங்கப்பட்டைச் சூரணம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் சிலவற்றால் கொஞ்சம் பயன் உண்டு. சில வெறும் செலவு. ஒன்றிரண்டு ஆபத்தானவையும்கூட.

இந்தத் துணை மருந்துகளை வரிசையில் கடைசியில் வையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம் கடலும் வயலும் தெருவும் ஏற்கெனவே தந்து வைத்திருப்பவை.

முதலில் அளவு தெரியட்டும்

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கடலுக்குப் போகிறவரும், சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஷிப்டு பார்க்கிறவரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். அவர்கள் தாங்களாகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் வலிக்காது, மயக்கம் தராது. பல பேருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாது.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் பார்க்கும் முறை முக்கியம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைத் துணிக்கு மேல் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையும் இப்படி ஏழு நாள் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். அது 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

அடுத்த வேலைக்கு ஒரு பேனா போதும். புது உப்பு பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன்மேல் தேதியை எழுதுங்கள். தீர்ந்த நாளில் கணக்குப் போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு முப்பது நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். அந்தக் கணக்குப்படி நாலு பேருக்கு மாதம் 600 கிராம்தான் வருகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர், கருவாடு எல்லாவற்றிலும் உள்ள உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் வரவே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். முதல் வாரம் சாதம் வடிக்கும்போதும் மோரிலும் உப்பை நிறுத்துங்கள். அடுத்து குழம்பில் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் புளி, மிளகு, எலுமிச்சை, கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கருவாடு நம் பக்கத்தில் தனிக் கதை. முதுநகரிலோ பரங்கிப்பேட்டையிலோ கருவாட்டை விட்டுவிடு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் செய்முறையை மாற்றலாம். துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு கரைந்து தண்ணீர் கலங்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை நீர் மாற்றுங்கள். குழம்புக்குத் தனியாக உப்பே போடாதீர்கள். கத்தரிக்காயும் வாழைக்காயும் நிறையச் சேர்த்தால் ஆளுக்கு ஒரு துண்டு போதும். இவ்வளவு செய்தாலும் கருவாட்டுக்குள் இறங்கிய உப்பு முழுதாகப் போகாது. பிரஷர் உள்ளவர்கள் எப்போதாவது சாப்பிடலாம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் தொடவே கூடாது.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான். விலை கூடுதல் என்பதால் அளவைக் கூட்டலாம் என்று ஆகாது. ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. பலருக்கு அது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மீன் எண்ணெய் அல்ல, மீன்

கேப்சூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் பெரிதாக 1000 மில்லிகிராம் என்றிருக்கும். பின்னால் சிறிய எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருப்பதுதான் வழக்கமான சரக்கு. அதாவது இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 அதில் 300 மில்லிகிராம்தான். மீதி வேறு கொழுப்பு. நூறு கிராம் மத்தியில் ஏறக்குறைய ஒரு கிராம் ஒமேகா-3 கிடைக்கும், பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் ஏறி இறங்கும். கூடவே புரதம், கால்சியம், வைட்டமின் டி.

மத்தி, கவலை, கானாங்கெளுத்தி, நெத்திலி. நம் துறைமுகத்தில் வஞ்சிரம், வவ்வாலை விட மலிவாகக் கிடைக்கும் இந்த மீன்கள்தான் இந்த விஷயத்தில் சிறந்தவை. விருந்தாளி வந்தால் மத்தி வைக்கக் கூச்சப்படுகிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள், ஒரு வேளைக்கு நூறு கிராம் போதும். குழம்பாக வையுங்கள், அல்லது தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் போட்டு எடுங்கள். எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரித்தால் கிடைத்த நன்மையில் பாதி சட்டியிலேயே போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, விலை ஏறிவிடும். நாட்டுப் படகு கொண்டுவரும் சிறு மீன் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காதபோது கருவாட்டுக்குத் தாவ வேண்டாம். அந்த இரண்டு மாதமும் பயறும் கொண்டைக்கடலையும் முட்டையும் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆளிவிதையை லேசாக வறுத்து, பொடித்து, நாளுக்கு ஒரு ஸ்பூன் மோரிலோ இட்லிப் பொடியிலோ சேர்க்கலாம். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும்.

எண்ணெயும் தட்டும்

எண்ணெய்க்கும் அதே பேனா கணக்குத்தான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. அதை விட்டுவிட முடியாத குடும்பங்கள் அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, கூடவே கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கி மாற்றி மாற்றிப் புழங்கலாம். வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் சூடேற்றாதீர்கள்.

சிதம்பரம் கொத்சு நல்ல பதார்த்தம். கத்தரிக்காயை இவ்வளவு உள்ளே தள்ளும் தொடுகறி வேறு எது? மேலே மிதக்கும் எண்ணெயைப் பாதியாக்கினால் அது இதயத்துக்கேற்ற உணவுதான். பண்ருட்டி முந்திரியும் அப்படியே. வறுத்து உப்புப் போடாத பருப்பு ஒரு சிறு கைப்பிடி, பஜ்ஜிக்குப் பதிலாக. பஜ்ஜியோடு சேர்த்து அல்ல. தட்டில் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரையோ காயோ வையுங்கள். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து வரகும் கம்பும் வாரத்தில் சில வேளை அரிசியின் இடத்தைப் பிடிக்கட்டும்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மூன்றையும் நிறுத்த வேண்டும். இதில் கொஞ்சம் குறைப்பது என்பது கிடையாது.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம் நடை, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றிய நான்கு தேர் வீதிகள் விடியற்காலையில் அருமையான நடைபாதை. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் தேர் சமயத்தில் கூட்டம் இருந்தால் அண்ணாமலை நகர்ப் பக்கம் போகலாம். கடலூரில் சில்வர் பீச். மணலில் நடப்பது தரையில் நடப்பதைவிடக் கடினம். முழங்கால் வலி உள்ளவர்கள், புதிதாகத் தொடங்குபவர்கள் சாலையிலேயே நடக்கட்டும். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் பாதைகள் வந்திருக்கின்றன. முதல் நாளே எட்டையும் நடந்து காட்ட வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அக்னி நட்சத்திரக் காலத்தில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே நடையைக் கூட்ட வேண்டும்.

இப்போது துணை மருந்துகள்

இயற்கையானது, அதனால் தீங்கில்லை என்று யாராவது சொன்னால் தில்லை மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் கோயிலின் தலமரம் அது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் நிற்கிறது. முழுக்க இயற்கை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஒரு தாளில் நீங்கள் இப்போது சாப்பிடும் மாத்திரை, கஷாயம், பொடி அத்தனையையும் எழுதுங்கள். மருத்துவரிடம் அதைக் காட்டாமல் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். தொடங்கினால் ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து, பயன் தெரியாவிட்டால் நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் நான் இசப்கோலைச் சொல்வேன். கெட்ட கொழுப்பைக் கொஞ்சமாவது குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உள்ளது இதற்குத்தான். நாளுக்கு 7 முதல் 10 கிராம், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிற முதியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

மீன் எண்ணெய்க் கேப்சூலைப் பற்றி 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் நடந்த வைட்டல், பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட். நாளுக்கு ஒரு கிராம் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது வேறு. அந்த அதிக அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பும் கூடுகிறது.

மருதம்பட்டை சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாக இதயத்துக்குக் கொடுக்கப்படுவது. நடந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. முடிவாகச் சொல்லும் அளவுக்குப் பெரியவை அல்ல. வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டு, மற்ற மாத்திரைகளையும் சொல்லி, அவர்கள் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள். பூண்டு சமையலில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். மாத்திரையாக, சாறாக எடுக்கும்போது ரத்தத்தை இளக்கும் மருந்துகளோடு சேர்ந்து ரத்தக்கசிவைக் கூட்டலாம். வெந்தயம் நல்லது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிமதுரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இருமலுக்கு இரண்டு நாள் மெல்லுவது வேறு. தினமும் கஷாயமாகக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புகிற வீட்டில் அதிமதுரப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் விற்கும் ‘சிவப்பு ஈஸ்ட் அரிசி’யிலும் எச்சரிக்கை வேண்டும். அதற்குள் இருப்பது ஸ்டாட்டின் வகை மருந்தேதான், அளவு தெரியாமல். வால்வு மாற்றி அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை விட வேண்டாம். வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டு, அந்த அளவுக்கேற்ப மருந்தை மருத்துவர் அமைக்க விடுங்கள்.

பொடி சாப்பிடத் தொடங்கிவிட்டோம் என்று மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் செய்யும் வேலையை எந்தப் பட்டையும் செய்யாது. ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம்.

நெஞ்சு வலித்தால்

நடு நெஞ்சில் பாரம் ஏற்றியது போல் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாக வரலாம். வாயு என்று நினைத்துச் சோடாவோ ஓம வாட்டரோ குடித்துக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் எந்தக் கஷாயமும் வேண்டாம்.

108ஐ அழையுங்கள். பைக்கில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மெல்லலாமா என்று அந்த அழைப்பிலேயே கேளுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த முதல் வேளை மருந்து வைத்திருக்கிறார்கள். கடலோர ஊரிலிருந்து கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, முன்பு ராஜா முத்தையா என்றிருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கோ போய்ச் சேர நேரமாகும் என்றால், வழியில் உள்ள நிலையத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே ஈசிஜி எடுத்தால் அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்து, எடுத்த நேரத்தையும் கொடுத்த மாத்திரைகளையும் குறித்துக்கொண்டு, அடுத்த மருத்துவமனையில் இறங்கியதும் முதல் ஆளாக வரும் மருத்துவரிடம் காட்டுங்கள்.